‘நீ’ என்று சொன்னது தவறா?

கேள்வி:

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, கொங்குப் பகுதி நகரம் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் எட்டு மாதமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். போன மாதம் ஒரு நாள் ஆண்கள் பொது வார்டில் காலை ட்யூட்டி. 26 நோயாளிகள், நாங்கள் இரண்டு பேர். பெட்பேன் எடுக்கவேண்டிய ஆயாவைக் காணவில்லை. அவளைத் தேடிப் பிடித்து, சத்தம் போட்டு வேலையை வாங்கிவிட்டு, சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த 74 வயதுப் பெரியவருக்கு ஈ.சி.ஜி. எடுக்கப் போனேன். “தாத்தா, சட்டையைக் கழற்று, அசையாமல் படு” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபடி செய்தார். பக்கத்தில் நின்ற மகன்தான், “எங்கள் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை வா, போ என்று பேச நீ யார்?” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். நிர்வாகம் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தது. கேட்டேன். எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, அம்மா எல்லோரையும் ‘நீ’ என்றுதான் சொல்வோம். அது பாசம்.

அதே வாரம் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ஒருவர், நான் ஒரு நோயாளியின் சிறுநீர் அளவைக் குறிக்க விட்டுவிட்டதற்காக, “உனக்கெல்லாம் யார் சர்டிபிகேட் கொடுத்தது?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவரை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. மரியாதை என்பது கீழே இருப்பவர்கள் மட்டும் மேலே கட்டவேண்டிய வரியா? ஓட்டமும் நடையுமாக வேலை பார்க்கும் இடத்தில் இனிக்க இனிக்கப் பேச நேரம் எங்கே இருக்கிறது?

– பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

மகள் என்று அழைத்தாலும் உங்களை ‘நீங்கள்’ என்றே எழுதப்போகிறேன். 33 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் செவிலியர் மாணவிகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் படிக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைகளையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்கிறேன். தொடக்கத்தில் நெளிவார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் வார்டில் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் கடிதத்தில் மகன் கத்தியது, நிர்வாகம் கூப்பிட்டது, டாக்டர் சொன்னது எல்லாம் வலியோடு எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு வரி. “அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபடி செய்தார்.” அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்குவோம்.

உங்கள் வீட்டில் பாட்டியை ‘நீ’ என்று சொல்கிறீர்கள். அது பாசம்தான், சந்தேகமே இல்லை. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அப்பா ‘நீங்கள்’, அம்மா ‘நீ’. அம்மாவிடம் உள்ள உரிமை அப்படி வெளிப்படுகிறது. ஆனால் அந்த ‘நீ’க்கு ஒரு ஈடு உண்டு. பாட்டிக்குக் கோபம் வந்தால், “உன் வாயைக் கழுவு” என்று உங்களைத் திட்டலாம், சோறு போட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், மறுநாள் நீங்கள் போய்க் கொஞ்சலாம். அங்கே ‘நீ’ இரண்டு பக்கமும் போய்வரும். வார்டில் படுத்திருப்பவரால் உங்களைத் திருப்பித் திட்ட முடியாது. அடுத்த ஊசியைப் போடப்போவது நீங்கள். இரவு இரண்டு மணிக்கு அவர் அழைத்தால் வரவேண்டியவர் நீங்கள். சட்டை இல்லாமல், மார்பில் ஜெல் தடவப்பட்டு, அண்ணாந்து பார்த்தபடி கிடக்கிற மனிதர் அவர். நின்றுகொண்டு, சீருடையோடு, கீழே பார்த்துப் பேசுகிறவர் நீங்கள். அந்த உயர வித்தியாசத்தில் வீட்டு ‘நீ’ வேறு சொல்லாக மாறிவிடுகிறது. உங்கள் மனதில் அது பாசமாகவே கிளம்பியிருக்கும். அவர் காதில் அது கட்டளையாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

இடமும் சேர்ந்துகொண்டது. நீங்கள் வேலை பார்ப்பது கொங்குச் சீமை. அங்கே ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பது மூச்சு மாதிரி. இடுப்பில் இருக்கிற குழந்தையிடம்கூட ‘சாப்பிடுங்க சாமி’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. உங்கள் ஊரில் கனிவு ‘மக்களே’ என்ற விளியில் வரும், இங்கே அது வினைச்சொல்லின் வாலில் வரும். வால் இல்லாத ‘கழற்று’, ‘படு’ இரண்டும் அவர்களுக்கு வெறும் அதட்டல். யாழ்ப்பாணத்தில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே ‘நீர்’ என்று ஒரு படியே இருக்கிறது. நம் மொழியில் மரியாதைக்கு ஊருக்கு ஓர் அளவுகோல். செவிலியர் எந்த ஊரில் வேலை பார்க்கிறாரோ அந்த ஊரின் அளவுகோலைக் கற்றுக்கொள்வதும் ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொள்வது போல ஒரு பயிற்சிதான். எட்டு மாதத்தில் யாரும் உங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்பது அந்த மருத்துவமனையின் குறை. உங்கள் குறை அன்று.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம். பெண்கள் எலும்பு முறிவு வார்டு. வயலில் கூலி வேலை பார்த்த ஓர் அம்மா, தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். இரவில் பெட்பேன் கேட்கவே மாட்டார். விடியும்போது படுக்கை நனைந்திருக்கும். நான் தினமும் கத்துவேன். “வாய் இல்லையா உனக்கு? கூப்பிட்டால் என்ன?” அவர் மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதே நேரத்தில், தனி அறையில் இருந்த ஓர் அதிகாரியின் மனைவியிடம், “தூங்கினீர்களா அம்மா?” என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவேன். இரண்டையும் செய்தது ஒரே வாய். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஒரு நாள் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, “உங்கள் பெயர் என்னம்மா? ராத்திரி தூங்கினீர்களா?” என்று கேட்டார். அந்த அம்மா தலையைத் திருப்பி அடுத்த படுக்கையைப் பார்த்தார். கேள்வி அங்கே இருப்பவருக்குப் போகிறது என்று நினைத்திருக்கிறார். ‘நீங்கள்’ என்றால் அது தானாக இருக்க முடியாது என்று. சிஸ்டர் அவர் கையின் மேல் கை வைத்து, “உங்களைத்தான் கேட்கிறேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: எடை கட்டாத மற்றக் காலின் கெண்டைச் சதை இரண்டு நாளாக வலிக்கிறது, கனக்கிறது. போர்வையை விலக்கிப் பார்த்தால் கால் வீங்கிச் சூடாக இருந்தது. காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயான ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் உடனே சிகிச்சையைத் தொடங்கினார். பிழைத்துக்கொண்டார். “இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டதற்கு என்னைப் பார்த்தபடி சொன்ன பதில்: “நீங்கள் திட்டுவீர்களே தாயி.”

அந்த இரண்டு நாளும் நான் அவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்திருந்தேன், காய்ச்சல் பார்த்திருந்தேன், கேஸ் ஷீட்டை நிரப்பியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர் வாய் மட்டும் பூட்டிக் கிடந்தது, பூட்டியது நான். இனிய சொல்லை நான் அலங்காரமாக நினைப்பதை விட்டது அன்றைக்குத்தான். நோயாளி சொல்லாவிட்டால் நமக்குத் தெரியாது. நம்மிடம் பயம் இருந்தால் அவர் சொல்ல மாட்டார். நோய் கண்டறிவதில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

அந்த அம்மா பக்கத்துப் படுக்கையைப் பார்த்ததன் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கண விதியில் அமைந்தது அன்று, வழக்கில் வந்த ‘உயர்சொல்’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது இலக்கணம் கொடுக்காத ஒன்றை மக்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆனால் எல்லோருக்கும் கொடுத்தார்களா? நம் ஊர்களில் நரைத்த தலையுள்ள ஒரு பண்ணையாளைப் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை ‘டேய்’ என்று கூப்பிட்டது வெகு காலத்துக்கு முந்திய சங்கதி இல்லை. அந்த ‘ங்கள்’ பலருக்குப் பரம்பரை பரம்பரையாக மறுக்கப்பட்டது. அதனால்தான் பொது வார்டில் நீங்கள் சொல்கிற ஒரு ‘சொல்லுங்கள்’, தனி அறையில் சொல்வதைவிடப் பல மடங்கு எடை உள்ளது.

இப்போது அந்த மகனைப் பற்றி. தன் தந்தையை ஒருமையில் அழைத்தது அவருக்கு வலித்தது நியாயம். அவர் சொன்ன காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. தலைமையாசிரியர் என்பதால் மரியாதை கொடு என்றார். அவர் தறி ஓட்டியவராக இருந்திருந்தால்? சுமை தூக்கியவராக இருந்திருந்தால்? பதவியைச் சொல்லி மரியாதை கேட்டால், பதவி இல்லாதவருக்கு அது வேண்டாம் என்று ஆகிவிடும். அப்பாவுக்கு மரியாதை கேட்ட அதே வாக்கியத்தில் உங்களை ‘நீ யார்’ என்று கேட்டிருக்கிறார். அது தவறு. உங்கள் நிர்வாகம் உங்களை மன்னிப்புக் கேட்கச் சொன்னதோடு, “எங்கள் செவிலியரிடம் நீங்களும் இப்படிப் பேசக்கூடாது” என்று அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். நான் கண்காணிப்பாளராக இருந்தபோது இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் செய்வேன். பெரும்பாலும் இரண்டு பேரும் தணிந்துதான் வெளியே போவார்கள். நோயாளியின் உறவினர் மிரட்டும் அளவுக்கு, கை ஓங்கும் அளவுக்குப் போனால் பேச்சு வேறு. மருத்துவமனைப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அது செவிலியருக்கும் பொருந்தும்.

நேரம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், நானே கேட்டும் இருக்கிறேன். 26 பேருக்கு இரண்டு பேர் என்பது அநியாயம். அதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் ‘படு’ என்பதற்கும் ‘படுங்கள்’ என்பதற்கும் நடுவே இருப்பது ங், க, ள் என்ற மூன்று எழுத்து. பேச்சில் அதுவும் இரண்டாகச் சுருங்கிவிடும். இனிக்க இனிக்கப் பேசச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையில், அதிகம் இனிக்கிற பேச்சு எனக்குப் பிடிக்காது. “என்ன தாத்தா, இன்றைக்குச் சமர்த்தாக மாத்திரை போட்டுக்கொண்டோமா?” என்று எழுபது வயதுக்காரரிடம் மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சுவது அதட்டலுக்குத் தங்கை. அமெரிக்காவில் மறதி நோய் உள்ள முதியவர்களைக் கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் குழந்தைப் பேச்சுப் பேசும்போது அவர்கள் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் அதிகம் முரண்டு பிடித்தார்கள் என்று கண்டார்கள். நினைவு மங்கியவருக்குக்கூடத் தன்னைச் சிறுபிள்ளையாக்குவது தெரிகிறது.

வேகமாக வேலை செய்துகொண்டே மரியாதையாக இருக்க முடியும். நீங்கள் போட்ட ஈ.சி.ஜி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை அருகே போனதும் கேஸ் ஷீட்டைப் பார்த்து அவர் பெயரைச் சொல்லி, “ஐயா, நான் இன்றைக்கு உங்கள் நர்ஸ்” என்று உங்கள் பெயரையும் சொல்லுங்கள். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற முதியோர் நல மருத்துவர் புற்றுநோய் வந்து தானே படுக்கையில் கிடந்தபோது, தன்னைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று வருந்தினார். 2013-இல், “வணக்கம், என் பெயர் இன்னது” என்று சொல்லிவிட்டுத்தான் நோயாளியைத் தொடவேண்டும் என்று ஓர் இயக்கத்தையே தொடங்கினார். 2016-இல் அவர் இறந்துவிட்டார். அந்த வாக்கியம் இன்றும் பல மருத்துவமனைகளில் சட்டைப் பட்டியில் பேட்ஜாக இருக்கிறது. ஒரு மருத்துவர் நோயாளியான பிறகு முதலில் கேட்டது பெயரைத்தான் என்பதை நான் என் மாணவிகளிடம் சொல்லாத வருடம் இல்லை.

பிறகு திரையை இழுத்து மூடுங்கள். “சட்டையைக் கழற்றவேண்டும் ஐயா, நான் உதவட்டுமா? ஜெல் கொஞ்சம் சில்லென்று இருக்கும்” என்று தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாத குளிர்ச்சியில் உடம்பு திடுக்கிடும், நடுங்கும். நடுங்கினால் ஈ.சி.ஜி.யில் கோடுகள் குழம்பும், திரும்ப எடுக்கவேண்டி வரும். சொல்ல ஆகும் நேரம் ஐந்து நொடி, திரும்ப எடுக்க ஐந்து நிமிடம். எங்கள் வார்டுகளில் நேரம் வீணானது பெரும்பாலும் இப்படித்தான்: சொல்லாததால், கேட்காததால், கத்தியதால், கத்தியதற்குப் பஞ்சாயத்து வைத்ததால். உங்கள் அன்றைய காலை ட்யூட்டியில் அந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு நேரம் போயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

நோயாளியின் பின்னாலிருந்தோ, வாசலில் நின்றோ, தூரத்திலிருந்தோ அவரிடம் பேசாதீர்கள் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே எழுதியிருக்கிறார். அவர் தலையைத் திருப்பிச் சிரமப்படாமல் உங்களைப் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள் என்றும் சொல்கிறார். அந்த மூத்த சிஸ்டர் ஸ்டூலை எங்கே இழுத்துப் போட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். நாமோ வார்டு வாசலில் நின்றுகொண்டு, “பன்னிரண்டாம் பெட், மோஷன் போனியா?” என்று கூவுகிறோம். இருபத்தைந்து பேர் நடுவில் ஒரு மனிதர் அதற்குப் பதில் சொல்லவேண்டும்.

காது மந்தமானவர்களிடம் கத்துவதும் இதே கணக்குத்தான். வயதானால் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். குரலை உயர்த்தினால் சுருதியும் ஏறும். வார்த்தை தெளிவதற்குப் பதில் சிதையும். கேட்பவருக்கு நம் முகத்தின் கடுப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். எதிரே போய், வாயசைவு தெரியும்படி, குரலைத் தாழ்த்தி, நிதானமாகச் சொன்னால் ஒரே தடவையில் புரியும்.

தாத்தா, பாட்டி என்று அழைக்கலாமா என்றும் மனதில் இருக்கும். அழைக்கலாம். உறவு சொல்லி அழைப்பது நம் மரபு, பின்னால் ‘ங்கள்’ வந்தால் போதும். ஐம்பத்தைந்து வயது அம்மாவைப் பாட்டி என்று கூப்பிட்டால் மட்டும் பல நாள் மறக்க மாட்டார். தெரியாவிட்டால் ‘ஐயா’, ‘அம்மா’ இருக்கவே இருக்கின்றன. உடற்குறையையோ நோயையோ பெயராக்கிக் கூப்பிடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. ‘அந்தச் சர்க்கரைக் கால்’, ‘அந்த நொண்டி’ என்று ட்யூட்டி மாறும்போது நமக்குள் பேசிக்கொள்வதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றி, 2010-இல் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளி என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அரசாணை வார்டுக்குள் வருவதற்குக் கொஞ்சம் நாளாகிறது. நமக்குள் பேசுகிற பேச்சு நோயாளி முன்னால் ஒரு நாள் நழுவியே தீரும்.

டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர் அளவைக் குறிக்காமல் விட்டது பிழைதான். அதை அவர் கேட்டது கடமை. “உனக்கெல்லாம்” என்று கேட்டது கடமை இல்லை. அது வெறும் மனவருத்தத்தோடு முடிவதும் இல்லை. இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் குடல் திசு அழுகும் நோய் வேகமாக முற்றுவதாகப் பயிற்சிக்கான பாவனைச் சூழல். சில குழுக்களிடம், பார்வையிட வந்த வெளிநாட்டு நிபுணர் என்று சொல்லப்பட்டவர், அவர்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத லேசான அவமரியாதைச் சொற்களைச் சொன்னார். மற்றக் குழுக்களிடம் சாதாரணமாகப் பேசினார். அவ்வளவுதான் வித்தியாசம். அவமதிக்கப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் பின்தங்கின, கை வேலையிலும் பின்தங்கின. காரணத்தையும் பார்த்தார்கள்: தனக்குத் தெரிந்ததை அடுத்தவரிடம் சொல்வது குறைந்தது, உதவி கேட்பது குறைந்தது.

இரண்டு நாள் கால் வலியைச் சொல்லாமல் கிடந்த அந்த அம்மாவும் இந்த மருத்துவர்களும் செவிலியர்களும் செய்தது ஒன்றுதான். அவமதிக்கப்பட்ட வாய் மூடிக்கொள்கிறது. அந்த டாக்டர் உங்களிடம் கத்திய பிறகு, அவர் எழுதிய மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்பீர்களா? தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுக்கப்போவது படுக்கையில் இருப்பவர்.

ஆகவே அவரிடம் பேசுங்கள். ரவுண்ட்ஸ் நடுவில் வேண்டாம், கோபம் ஆறாத அன்றைக்கும் வேண்டாம். தனியாக, அவர் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, இப்படிச் சொல்லலாம்: “டாக்டர், அன்றைக்கு அளவைக் குறிக்காதது என் பிழை. இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துவிட்டுச் சரிபார்க்கிறேன். ஆனால் நோயாளிகள் முன்னால் என் சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் ஊசி போட்டுக்கொள்ளத் தயங்குகிறார்கள். இனி என் தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.” பிழையை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகு நின்ற இடத்தில் நில்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. என் அனுபவத்தில் பாதிப் பேராவது அடுத்த முறை தணிந்து பேசுவார்கள். அப்படியும் தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வைத்து, செவிலியர் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பேச்சு உடலைப் பற்றியோ பாலியல் சாயலிலோ போனால் அது பண்பாட்டுப் பிரச்சினை இல்லை, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம். அந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு உங்கள் மருத்துவமனையில் இருந்தே ஆகவேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பலர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வது பணிவு ஆகாது.

கடைசியாக உங்கள் வரிக் கேள்வி. ஆம், நம் மருத்துவமனைகளில் மரியாதை கீழிருந்து மேலே வசூலிக்கப்படுகிறது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வரி எங்கே தொடங்குகிறது என்று உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள். உங்களை அவமானப்படுத்திய டாக்டரை ‘கேட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் கத்திய மகனை ‘கத்தினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்பேன் எடுக்கிற ஆயாவை மட்டும் ‘அவளை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவளைத் தேடிப் பிடித்து, சத்தம் போட்டு வேலையை வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் புண்படுத்துவதற்காக இதைச் சுட்டவில்லை, மகளே. நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன், பேசினேன். ஆனால் அந்த டாக்டர் உங்களிடம் பேசியதும் நீங்கள் அந்த அம்மாவிடம் பேசியதும் ஒரே படிக்கட்டின் இரண்டு படிகள்.

அவர் அன்றைக்கு எங்கே போயிருந்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மேல் மாடியில் வேறொரு வார்டில் வாந்தி துடைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு வாய் டீ குடிக்கப் போயிருந்திருக்கலாம். துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று 2020-இல் அரசு மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். ‘வாடி’யும் ‘போடி’யும் வார்டுகளில் இன்னும் மாறவில்லை. வார்டில் யாருக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் கலந்து போகிறது, யார் சோற்றைத் தொடாமல் தட்டைத் திருப்பி அனுப்புகிறார், யார் இரவில் அழுகிறார் என்பதெல்லாம் நமக்கு முன்னால் தெரிவது அவர்களுக்குத்தான். அவர்கள் நம்மிடம் வந்து சொல்லவேண்டுமே.

டாக்டரை மாற்றுவது உங்கள் கையில் முழுதாக இல்லை. 26 பேருக்கு இரண்டு பேர் என்பதை நாளைக்கே மாற்ற உங்களால் முடியாது. இது முடியும். நாளைக் காலை ட்யூட்டிக்குப் போனதும் அந்த அம்மாவிடம், “அன்றைக்கு நான் சத்தம் போட்டது தப்பு அம்மா, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லுங்கள். யாரும் உங்களை அனுப்பிக் கேட்கச் சொல்லாத மன்னிப்பு அது. பிறகு அவரைப் பெயர் சொல்லி ‘அக்கா’ என்றோ ‘அம்மா’ என்றோ எது பொருந்துமோ அப்படி அழையுங்கள். சர்க்கரைப் புண் சீக்கிரம் ஆறாது. அந்தப் பெரியவர் கட்டு மாற்ற மறுபடி வருவார். அவர் பெயரை ரிஜிஸ்டரில் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு, “வாங்க ஐயா, கால் எப்படி இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை கட்டைப் பிரிக்காமல் காத்திருங்கள்.

எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆயா என்று மட்டும் எழுதாமல், அந்த அம்மாவை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்